ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள், வயிற்று ஆபரேஷனுக்குப் போகலாமா டாக்டர்?

கொங்குப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 34 வயதுச் சகோதரி எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டு அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன், சின்னவளுக்கு 4 வயது. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அடிவயிறு தொங்கிப்போய், வெயில் காலத்தில் அந்த மடிப்புக்குள் வேர்த்து அரிப்பும் புண்ணும் வருகிறது, இடுப்பும் வலிக்கிறது. தொப்புள் பக்கத்தில் இருமும்போது நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் புடைக்கிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது. ஒருநாள் பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து "எத்தனாவது மாசம் கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து இவர் கல்யாணம், சீர் என்று எதற்கும் போவதில்லை, போட்டோவில் நிற்பதில்லை.

இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு அழகு சிகிச்சை மையத்துக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். லைப்போசக்ஷனும் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) டம்மி டக்கும் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுப்பது) சேர்த்து 1,60,000 ரூபாய், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுப் பணமும் கட்டினால் 25,000 தள்ளுபடி என்று பதில் வந்திருக்கிறது. ஜிபேயில் 10,000 முன்பணம் போய்விட்டது, மீதிக்கு நகையை அடகு வைக்க யோசனை. காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு, நான்காம் நாள் வேலைக்குப் போகலாம், 10 கிலோ குறையும், தழும்பே தெரியாது, ஹெர்னியா (குடலிறக்கம்) என்று எழுதி இன்சூரன்ஸில் பாதி வாங்கித் தருகிறோம். இவ்வளவும் வாட்ஸ்அப்பில் பேசிய ஆலோசகர் சொன்னது. டாக்டரை இவர் இன்னும் பார்க்கவில்லை. கணவரிடம் கம்பெனி டிரெயினிங் என்று சொல்லப் போகிறார். வீட்டில் மாமியார் ஒரு பேரன் வேண்டும் என்று பேசிக்கொண்டே இருப்பதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை, இரண்டு வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதம் முன்பு பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2.

"பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்களா? பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று என் அக்காவே கேட்கிறாள். நான் பண்ணுவது தப்பா டாக்டர்? போகலாமா, வேண்டாமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிக வலியோடு கேட்ட கேள்வி அதுதான். இரண்டு பிள்ளைகளைச் சுமந்து விரிந்த தோல் எவ்வளவு நடந்தாலும், எவ்வளவு சாப்பாட்டைக் குறைத்தாலும் பழையபடி ஒட்டிக்கொள்ளாது. மடிப்புக்குள் புண் வருவதும் இடுப்பு வலியும் உடம்புத் தொந்தரவுகள், அதைச் சரிசெய்துகொள்ள நினைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்களைப் போன்ற எத்தனையோ பேருக்கு இந்த ஆபரேஷனை நான் செய்திருக்கிறேன், பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பணம் கட்ட வேண்டாம். இந்த மாதமே ஆபரேஷன் வேண்டாம். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காத ஒருவர் உங்கள் வயிற்றுக்கு விலை சொல்லியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. உருக்கொடுப்பது, வார்ப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, பிளாஸ்டிக் குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறுபட்ட மூக்கைத் தோல் கொண்டு திரும்ப அமைக்கும் முறை பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. நெற்றித் தோலை எடுத்து ஒருவருக்கு மூக்கு வைத்த புனே செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்து, அதைப் பார்த்துத்தான் அங்கே இருந்த டாக்டர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். உங்கள் ஆபரேஷனில் உங்கள் தோலும் தசையும்தான். ஹெர்னியா இருந்து அதற்கு வலை வைக்க வேண்டி வந்தால், அந்த வலை மட்டும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். பல வருடங்களாக உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற பொருள்தான் அது.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை

வயிறு முன்னால் தள்ளுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு, ஒரே ஆளுக்கு நான்கும் இருக்கலாம். தோலுக்கு அடியில் கையால் பிடித்தால் பிடிபடும் கொழுப்பு ஒன்று. குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பு இன்னொன்று. மூன்றாவது, விரிந்து தொங்கும் தோல். நான்காவது, நடுவயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்ப காலத்தில் விலகி, பிரசவத்துக்குப் பிறகும் ஒன்று சேராமல் நின்றுவிடுவது.

லைப்போசக்ஷன் முதலாவதை மட்டும்தான் எடுக்கும். உள்கொழுப்பை எந்த ஆபரேஷனாலும் உறிஞ்ச முடியாது, அது சாப்பாடும் நடையும் தூக்கமும் சேர்ந்துதான் குறையும். தொங்கும் தோலுக்குக் கீழிருந்து கொழுப்பை மட்டும் எடுத்தால், காற்றுப் போன பலூன் மாதிரி தோல் இன்னும் தளர்ந்து தொங்கும். தோலை வெட்டி எடுத்து, விலகிய தசையைத் தைத்து இறுக்குவதுதான் டம்மி டக், அதாவது வயிற்றுச் சீரமைப்பு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். லைப்போ பக்கவாட்டில் கொஞ்சம் தேவைப்படலாம், படாமலும் போகலாம்.

10 கிலோ குறையும் என்றது சரியில்லை. தோலோடும் கொழுப்போடும் வெட்டி எடுப்பது பல பேருக்கு ஒன்றிரண்டு கிலோதான் வரும். லைப்போவில் ஒரே நேரத்தில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவதையே பெரிய அளவு என்று கணக்கு வைத்து, இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறோம், அந்த 5 லிட்டரில் நாங்கள் உள்ளே செலுத்திய திரவமும் சேர்த்தி. இரண்டும் உருவத்தைத் திருத்தும், எடை குறைக்கும் வைத்தியம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இப்போது அந்த நெல்லிக்காய் வீக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போகிறது என்றால் அது தொப்புள் ஹெர்னியாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாகக் கொழுப்போ குடலோ எட்டிப் பார்ப்பதுதான் ஹெர்னியா. லைப்போ செய்யும்போது நீளமான உலோகக் குழாயைத் தோலுக்கு அடியில் விட்டு முன்னும் பின்னும் இழுக்கிறோம், அது கண்ணுக்குத் தெரியாமல் கையின் உணர்வை மட்டும் நம்பிச் செய்வது. ஹெர்னியா இருப்பது தெரியாமல் அந்த இடத்தில் குழாய் போனால் குடலில் ஓட்டை விழலாம். அது உயிருக்கே ஆபத்து. இன்சூரன்ஸுக்காகப் பொய்யாக ஹெர்னியா என்று எழுதுகிறோம் என்றார்களே, அது நிஜமாகவே உங்களுக்கு இருக்கலாம், அதை யாரும் சோதிக்கவே இல்லை என்பதுதான் இதில் என்னை அதிகம் பதற வைக்கிறது.

கத்தி வைக்கப் போவது யார்?

வாட்ஸ்அப்பில் பேசியவர் டாக்டராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல இடங்களில் விற்பனைக்கு ஆள் வைத்து அவருக்கு ஆலோசகர் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எனக்கு ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் என்ன என்பது. இதற்கு நேராகப் பதில் வரவில்லையென்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்ததும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது, அதில் தேடுங்கள். ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எம்.பி.பி.எஸ். முடித்து, 3 வருடம் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., அதற்கு மேல் 3 வருடம் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்திருப்பார், அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. வைத்திருப்பார். இன்டர்ன்ஷிப்போடு கூட்டினால் பதினோரு வருடத்துக்கு மேல். போர்டில் காஸ்மெடிக் சர்ஜன், ஏஸ்தெடிக் ஃபிசிஷியன், காஸ்மெட்டாலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் என்ன படிப்பு என்று கேளுங்கள், சில வாரச் சான்றிதழ் படிப்புகளும் அந்தப் பெயரில் சுற்றுகின்றன. தோல் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, ஃபில்லர், போடாக்ஸ், லேசர் எல்லாம் அவர்கள் அருமையாகச் செய்வார்கள். ஆனால் வயிற்றைக் குறுக்காக வெட்டித் தசையைத் தைக்கும் வேலைக்கு அறுவை சிகிச்சைப் படிப்பு வேண்டும். பயிற்சிப் பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது அழகு அறுவை சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். 2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே இறந்துபோனார். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் அவர். விவரம் தெரியாதவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைக்க முடியவில்லை.

டாக்டரை நேரில் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள், கேட்டால் கோபப்படும் டாக்டரிடம் போகவே வேண்டாம்:

ஒன்று, இந்த ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, எத்தனை செய்திருக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் யாருக்காவது சிக்கல் வந்ததா, வந்தபோது என்ன செய்தீர்கள்? சிக்கலே வந்ததில்லை என்று சொல்பவர் நிறையச் செய்யாதவராக இருப்பார், இல்லையென்றால் உண்மையைச் சொல்லாதவராக இருப்பார்.

இரண்டு, மயக்க மருந்து கொடுப்பது யார், அவர் ஆபரேஷன் முடியும்வரை அங்கேயே இருப்பாரா? இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியம்.

மூன்று, ஆபரேஷன் நடக்கும் இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்ததா, ஐசியூ இருக்கிறதா, இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவீர்கள், அது எத்தனை நிமிடத் தூரம்?

இப்போது ஏன் வேண்டாம் என்கிறேன்

உங்கள் ஹீமோகுளோபின் 9.2. அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு இந்த ரத்த அளவோடு நான் யாரையும் தியேட்டருக்குள் கூட்டிப் போக மாட்டேன். காயம் ஆறாது, கொஞ்சம் ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. முதலில் மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, பூச்சித் தொந்தரவா, சாப்பாட்டில் சத்துக் குறைவா என்று காரணம் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீ காபியோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். இரண்டு மூன்று மாதத்தில் 12 பக்கம் வந்துவிடலாம்.

கருத்தடை மாத்திரை பற்றி அந்த மையம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உள்ள மாத்திரை கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதைக் கூட்டும், நீண்ட நேர ஆபரேஷனும் கூட்டும், வயிற்றை இறுக்கித் தைப்பதும் கூட்டும். அப்படி உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் இந்த ஆபரேஷனில் நாங்கள் அதிகம் பயப்படுகிற விஷயம். எந்த வகை மாத்திரை என்று மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள், பொதுவாக ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாறச் சொல்வோம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் வேண்டாத நேரத்தில் கர்ப்பம் தரித்துவிடலாம். சிகரெட், பான், ஹான்ஸ் எதுவும் பழக்கமில்லை என்றே நினைக்கிறேன், இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது, நிகோடின் உடம்பில் இருந்தால் தைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் கருத்துப்போய்விடும்.

எடை: உங்கள் உயரத்துக்கு 74 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30-ஐத் தொடுகிறது. ஐந்தாறு கிலோ குறைத்து, அந்த எடையில் ஆறு மாதம் நின்ற பிறகு செய்தால் முடிவும் நன்றாக வரும், சிக்கலும் குறையும். எடை குறைக்க ஊசி ஏதாவது ஆரம்பித்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஊசிகளால் வயிறு காலியாக நேரமாகும், மயக்கத்தில் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

அப்புறம் மூன்றாவது குழந்தை. இதில் முடிவு உங்களுடையது, உங்கள் கணவருடையது, பேரன் பேச்சு பேசுகிறவர்களுடையது இல்லை. டம்மி டக் செய்த பிறகும் கர்ப்பமாகலாம், குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தைத்த தசையும் இழுத்த தோலும் திரும்ப விரியும், நகையை அடகு வைத்துச் செய்தது வீணாகிவிடும். "இன்னொன்று வேண்டாம்" என்று நீங்கள் இரண்டு பேரும் உறுதியாகச் சொல்லும் நாள் வரட்டும். அதுவரை காத்திருப்பதால் அந்தத் தோல் ஒன்றும் ஆகிவிடாது.

சாயங்காலமே வீடு, நான்காம் நாள் வேலை?

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, நம்பிப் போகிறவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று தெரியும். டம்மி டக் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் முழு மயக்க ஆபரேஷன். உங்களைப் போல ரத்தம் குறைவாக இருக்கும் ஒருவரை ஓரிரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதுதான் நியாயம். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும், தலைக்கு இரண்டு தலையணையும் முட்டிக்குக் கீழே ஒன்றும் வைத்துத்தான் படுக்க வேண்டும். வயிற்றிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றோ இரண்டோ தொங்கும், அதில் வடியும் நீரை அளந்து எழுத வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் உட்கார்ந்து எழுவதற்குள் உயிர் போய்விடும், முன்கூட்டியே ஒரு கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். இருமல், தும்மல், மலச்சிக்கல் எல்லாமே வலி.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கே இரண்டு மூன்று வாரம் லீவு வேண்டும். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, சின்னவளை இடுப்பில் வைக்கக் கூடாது. 4 வயதுக் குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது குனிந்து தூக்காமல் இருப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று என் நோயாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆறு வாரமும் வயிற்றில் இறுக்கமான பெல்ட், நம் ஊர் வெயிலில். அதனால் கார்த்திகை, மார்கழிப் பக்கம் செய்துகொள்ளச் சொல்வேன்.

தழும்பு தெரியாது என்றது பொய். ஒரு பக்க இடுப்பிலிருந்து மறுபக்க இடுப்பு வரை நீளமான தழும்பு வரும், தொப்புளைச் சுற்றி இன்னொன்று. ஆறு மாதம் வரை சிவந்து தடித்து இருக்கும், அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். பழைய சிசேரியன் தழும்பு வெட்டி எடுக்கும் தோலோடு பெரும்பாலும் போய்விடும், தொப்புளுக்குக் கீழே உள்ள பிரசவ வரிகளும் போகும், மேலே உள்ளவை நிற்கும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் தழும்பு விழுந்தால் வாழ்நாள் முழுக்க உரசும், அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் நின்றபடி கோடு போடும்போதே எங்கே நாடா கட்டுவீர்கள் என்று காட்டிவிடுங்கள். சிசேரியன் தழும்போ காது குத்திய இடமோ முன்பு தடித்துக் கெட்டியாக வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், நம் தோலுக்குக் கீலாய்டு வரும் சுபாவம் அதிகம். அடிவயிற்றில் பல மாதம் மரத்துப்போன உணர்வு இருக்கும். தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது, சீழ் பிடிப்பது, தோலின் ஓரம் கருகுவது இதெல்லாம் நல்ல கைகளிலும் நடக்கும். நல்ல டாக்டரிடம் அது சீக்கிரம் கண்ணில் படும், கவனிக்கப்படும், வித்தியாசம் அங்கேதான்.

இன்சூரன்ஸ், பணம், கையெழுத்து

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மெடிக்கல் பாலிசிகள் பணம் தருவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது, மருத்துவ ரீதியாக அவசியம் என்று டாக்டர் சான்று கொடுப்பது இவைதான் விதிவிலக்கு. இல்லாத ஹெர்னியாவை எழுதிப் பணம் வாங்கினால் அது மோசடி, கண்டுபிடித்தால் பாலிசியையே ரத்து செய்வார்கள், பிறகு நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் கையில் ஒன்றும் இருக்காது. அதே நேரம், ஸ்கேனில் ஹெர்னியா உறுதியானால் அதைச் சரிசெய்யும் செலவை நேர்மையாகவே கேட்கலாம். ஹெர்னியாவுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு, உங்கள் பாலிசி எப்போது எடுத்தது என்று பாருங்கள்.

அழகு அறுவை சிகிச்சைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் இவற்றைச் சீராக்குவதற்கு மட்டும் கிடையாது. தள்ளுபடி போக 1,35,000 என்றால் வரி 24,300, தள்ளுபடி அப்படியே கரைந்துவிடும். அதுவும் சேர்த்திதானா, மருந்து, பெல்ட், ஸ்கேன், கூடுதல் நாள் தங்கினால் என்ன, திரும்ப ஒரு முறை திருத்த வேண்டி வந்தால் யார் செலவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். நகையை அடகு வைப்பதாக இருந்தால் இந்தக் காகிதம் கையில் இல்லாமல் வைக்காதீர்கள்.

சம்மதப் படிவத்தில் உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. ஒரு ஆபரேஷனுக்கு வாங்கிய கையெழுத்தை வைத்து, உயிருக்கு அவசரம் இல்லாத இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. காலி இடம் விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தவறு நடந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், டாக்டர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் கொடுக்கலாம்.

கணவரிடம் சொல்வது

சட்டப்படி உங்கள் ஆபரேஷனுக்கு உங்கள் கையெழுத்துப் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. உங்கள் உடம்பு உங்களுடையது. இருந்தாலும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் இறந்தார், பெற்றோருக்குச் சொல்லாமல் போயிருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவருக்கு உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், காய்ச்சல் வந்தால், வயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். அது கணவரால் முடியாது என்று நினைத்தால் அக்காவோ தோழியோ இருக்கட்டும், யாராவது ஒருவர்.

ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. பஸ்ஸில் அந்த அம்மா கேட்டதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைச் சொன்னதாக இல்லை. இத்தனை மாதமாகக் கல்யாண வீடுகளுக்குப் போகாமல், போட்டோவுக்கு ஒதுங்கி, தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். வயிறு சரியானால் இதுவும் தானாகச் சரியாகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, சிலருக்கு ஆகிறது, சிலருக்கு ஆபரேஷன் நன்றாக அமைந்தும் மனசு ஆறுவதில்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அந்த அழகு சிகிச்சை மையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இன்றே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: டாக்டரை நேரில் பார்க்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை, 10,000 ரூபாயைத் திருப்பித் தரவும் என்று, தேதியோடு. பழைய உரையாடல், விளம்பரம், ஜிபே ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஒருவேளை வராமலே போனாலும், போன 10,000-க்காக மீதியையும் கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, பக்கத்து அரசு மருத்துவமனையிலோ தெரிந்த பொது அறுவை சிகிச்சை டாக்டரிடமோ வயிற்றைக் காட்டி ஒரு ஸ்கேன் எடுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு சர்க்கரையும் தைராய்டும் சேர்த்துப் பாருங்கள். மடிப்புப் புண்ணுக்கு, குளித்ததும் நன்றாகத் துடைத்து உலரவிட்டு மெல்லிய பருத்தித் துணியை இடையில் வையுங்கள், தோல் டாக்டர் தரும் பூஞ்சைக் களிம்பைச் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள், மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் போடாதீர்கள். விலகிய தசைக்கு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள், இடுப்பு வலி அதிலேயே பாதி குறையலாம். ஸ்கேன் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அதற்குள் ஒருநாள் தொப்புள் வீக்கம் படுத்தாலும் உள்ளே போகாமல், கெட்டியாகி, வலித்து, கூடவே வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.